திலீப் குமார்: எட்டு ஃபிலிம்ஃபேர் வாங்கியவருக்கு அரசின் மரியாதை ஏன் இவ்வளவு லேட்?

ஃபிலிம்ஃபேரின் சிறந்த நடிகர் விருது எட்டு முறை. பத்ம பூஷண், தாதாசாகேப் பால்கே, பத்ம விபூஷண். இத்தனையும் வாங்கிய இந்தி நடிகர் திலீப் குமார், சிறந்த நடிகருக்கான தேசிய விருதை மட்டும் ஒருமுறைகூட வாங்கியதில்லை. அதெப்படி?

பாதி காரணம் காலண்டர்தான். தேசிய விருதில் நடிகர்களுக்கான பிரிவு 1967-ல் வெளியான படங்களில் இருந்துதான் தொடங்கியது. ‘தேவதாஸ்’ (1955), ‘முகல்-ஏ-ஆஸம்’ (1960), ‘கங்கா ஜமுனா’ (1961) எல்லாம் அதற்கு முன்பே வந்துபோய்விட்டன. முதல் விருது வங்க நடிகர் உத்தம் குமாருக்குப் போனது.

ஃபிலிம்ஃபேர் என்ன செய்தது?

1954-ல் அந்த விருது தொடங்கியபோது, ‘தாக்’ படத்துக்காக முதல் சிறந்த நடிகர் விருதை வாங்கியவர் இவரே. அப்போது வயது 31. இந்தப் பட்டியலில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அவருக்கு விருது தந்த ‘ஆசாத்’, எம்.ஜி.ஆரின் ‘மலைக்கள்ளன்’ கதைதான். ‘ராம் அவுர் ஷியாம்’, நம்ம ‘எங்க வீட்டுப் பிள்ளை’யின் இந்தி வடிவம்.

ஆனால் அங்கேயும் ஒரு வேடிக்கை. 1960-ன் படங்களுக்கான விருது அவருக்குக் கிடைத்தது ‘முகல்-ஏ-ஆஸம்’ சலீமுக்காக அல்ல, ‘கோஹினூர்’ படத்துக்காக. ‘கங்கா ஜமுனா’வுக்குக் கிடைக்கவே இல்லை. இன்று எது பேசப்படுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

மரியாதையே பிரச்சினையானபோது

பெஷாவரில் யூசுஃப் கானாகப் பிறந்தவருக்கு, 1998-ல் பாகிஸ்தான் தன் உயரிய விருதான நிஷான்-ஏ-இம்தியாஸை வழங்கியது. அடுத்த ஆண்டே கார்கில் போர். திருப்பிக் கொடுக்கச் சொல்லி சிவசேனா தலைவர் பால் தாக்கரே நெருக்கினார். அவரது தேசப்பற்றே கேள்விக்குள்ளானது. திலீப் குமார் பிரதமர் வாஜ்பாயியைச் சந்தித்துப் பேசினார். விருதைத் திருப்பித் தரவில்லை.

அது சரியான முடிவு. ஒரு கலைஞனுக்குத் தந்த மரியாதையை, பின்னால் வந்த போரை வைத்து அளக்க முடியாது. அரை நூற்றாண்டு இந்திய சினிமாவில் உழைத்தவர், ஒரு பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துத்தான் தன்னை நிரூபிக்க வேண்டுமா?

உண்மையான குறை எது?

தேசிய விருது கிடைக்காததைவிடப் பெரிய குறை, அரசின் தாமதம். 1944-ல் ‘ஜ்வார் பாட்டா’வில் அறிமுகமானவருக்கு பத்ம பூஷண் வந்தது 1991-ல். இடையில் 47 ஆண்டுகள். அவருடன் நடித்த நர்கிஸுக்கு 1958-லேயே பத்மஸ்ரீ தந்த அரசுதான் இது. பத்ம விபூஷண் 2015-ல் அறிவிக்கப்பட்டது. உடல்நிலை காரணமாக விழாவுக்குப் போக முடியவில்லை. அந்த டிசம்பரில் மும்பை வீட்டுக்கே வந்து உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் வழங்கினார். அப்போது வயது 93.

வீடு தேடி வந்தது நல்ல விஷயம்தான். ஆனால் 2021 ஜூலை 7-ல், 98 வயதில் அவர் மறையும்வரை உயிரோடு இருந்ததால்தான் இந்தத் தாமதம் மன்னிக்கப்பட்டது. எல்லா கலைஞர்களுக்கும் அவ்வளவு ஆயுள் கிடைப்பதில்லை. கௌரவிக்க வேண்டுமென்றால், மேடை ஏறிவந்து வாங்கும் தெம்பு இருக்கும்போதே கௌரவித்துவிடலாமே.