மார்க்குப் பட்டியலும் மரணக் கணக்கும்

அதே ஆஸ்பத்திரிகள், அதே டாக்டர்கள், அதே நோயாளிகள். 2017-ம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள காமன்வெல்த் நிதியம் 11 பணக்கார நாடுகளின் வைத்திய ஏற்பாடுகளை ஒப்பிட்டுப் பார்த்து, பிரிட்டனின் தேசிய சுகாதார சேவைக்கு முதலிடம் கொடுத்தது. 2018-ம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுத் தனியார் கம்பெனி ஒன்று ‘ஐரோப்பிய சுகாதார நுகர்வோர் குறியீடு’ என்ற பெயரில் 35 நாடுகளுக்கு மார்க்குப் போட்டு, அதே பிரிட்டனை 16-வது இடத்தில் உட்கார வைத்தது. ஒரே ஆண்டில் அந்தச் சேவை பாழாய்ப் போய்விட்டதா? இல்லை. மாறியது சேவையல்ல, அளவுகோல்.

இது புள்ளிவிவரக்காரர்களின் சண்டை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. இந்தப் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டுதான், மக்களின் வரிப்பணத்தில் மக்களுக்காக நடக்கும் ஆஸ்பத்திரிகளை மூடு, இன்ஷூரன்ஸ்காரனிடம் ஒப்படை என்று கூப்பாடு போடுகிறார்கள்.

ஸ்வீடன் கம்பெனி தன் அறிக்கைகளில் திரும்பத் திரும்பப் பாடிய பல்லவி ஒன்று உண்டு: “பிஸ்மார்க் பெவரிட்ஜை வென்றுவிட்டார்!” ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-ல் கொண்டுவந்தது நோய் இன்ஷூரன்ஸ் முறை. பிரிட்டனில் பெவரிட்ஜின் 1942-ம் ஆண்டு அறிக்கையை ஒட்டி, அனூரின் பீவன் 1948 ஜூலை 5-ல் துவக்கி வைத்தது தேசிய சுகாதார சேவை. முன்னது சந்தாவை நம்புவது. பின்னது பொதுவரியை நம்புவது. இன்ஷூரன்ஸ் நாடுகள் முன்வரிசையில் நிற்கின்றன, ஆகவே அதுவே உயர்ந்த முறை என்பது இவர்கள் வாதம்.

யாருடைய தேவைகள் இங்கே அளக்கப்பட்டன? டாக்டரை அன்றைக்கே பார்க்க முடிகிறதா, நேராக நிபுணரிடம் போக முடிகிறதா, புதுப் புற்றுநோய் மருந்து எத்தனை சீக்கிரம் கடைக்கு வருகிறது என்பவையெல்லாம் அந்தப் பட்டியலில் மார்க் பெற்றவை. நோயால் சாகிறவர்கள் கணக்கும் அதில் சேர்ந்திருந்தது, மறுக்கவில்லை. காத்திருப்பது கொடுமை என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் பெயரிலேயே குட்டு வெளிப்படுகிறது: ‘நுகர்வோர்’! கையில் காசோடு கடைக்கு வந்தவனின் திருப்தி அது. கடைவாசலுக்கே வர முடியாதவன் அந்தக் கண்ணாடியில் எப்படித் தெரிவான்?

2018-ல் முதலிடம் பெற்றது சுவிட்சர்லாந்து. அங்கே 1996 முதல் நோய் இன்ஷூரன்ஸ் எல்லோருக்கும் கட்டாயம். சந்தா வருமானத்துக்குத் தக்கபடி ஏறுவதில்லை. ஒரே ஊரில், ஒரே நிறுவனத்தில், ஒரே திட்டத்தில் சேர்ந்தால், பாங்கி முதலாளியும் அந்தப் பாங்கியைப் பெருக்கும் பெண்ணும் கட்டுவது ஒரே தொகை. ஏழைகளுக்கு மாகாண சர்க்கார் மானியம் உண்டு. ஆனாலும் குறிப்பிட்ட தொகை வரையில் வைத்தியச் செலவை நோயாளி தன் கையிலிருந்தே முதலில் கொடுத்தாக வேண்டும். பெருக்குகிற பெண்ணின் மாதச் சம்பளத்தில் இந்தச் சந்தா எத்தனை பங்கு, முதலாளியின் வருமானத்தில் எத்தனை பங்கு? முதல் மார்க் வாங்கிய நாட்டைப் பார்த்து யாரும் கேட்காத கேள்வி இது.

சராசரி என்னும் திரை

சராசரி என்பது முதலாளி வர்க்கத்துக்கு வாய்த்த நல்ல திரை. அதைக் கிழித்துக் காட்டியவர்கள் ஐரோப்பாவிலேயே இருந்தார்கள். 1842-ல் எட்வின் சாட்விக் பிரிட்டிஷ் சர்க்காருக்கு அளித்த அறிக்கை என்ன சொன்னது? மான்செஸ்டரில் கனவான்கள் குடும்பங்களில் சாவின் சராசரி வயது 38, வியாபாரிகளுக்கு 20, தொழிலாளிகளுக்கு 17! பிறந்தவுடன் செத்த சிசுக்களையும் சேர்த்த கணக்கு இது. ரட்லண்ட் என்னும் கிராமப்புறத்தில் தொழிலாளி குடும்பத்தின் சராசரி 38. அதாவது மான்செஸ்டர் கனவானுக்குச் சமம். கொன்றது விதியல்ல, ஆலை நகரத்தின் சாக்கடையும் குடிசையும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? இப்படிப்பட்ட மரணக் கணக்குகளைக் கொண்டுதான் எங்கெல்ஸ் 1845-ல் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமையை உலகறியச் செய்தார்.

அது பழைய கதையா? பிரிட்டனில் சர் டக்ளஸ் பிளாக் தலைமையில் அமைந்த குழு 1980-ல் கொடுத்த அறிக்கை, ஓய்வு பெறும் வயதுக்கு முன் சாகும் வாய்ப்பு மேல்தட்டுத் தொழில் செய்பவனைவிட அடிமட்டத் தொழிலாளிக்கு இரண்டரை மடங்கு என்றது. தாட்சர் சர்க்கார் என்ன செய்தது? ஆகஸ்ட் விடுமுறை நாளையொட்டி, சுமார் 260 பிரதிகள் மட்டும் எடுத்து வெளியிட்டது! உண்மையைப் புதைக்க இதைவிட நல்ல குழி கிடைக்காது. ஆனாலும் அது புதையவில்லை. 2008-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கமிஷன் கிளாஸ்கோ நகரத்தைக் காட்டியது: கால்ட்டன் பகுதியில் ஆணின் ஆயுள் எதிர்பார்ப்பு 54, சில மைல் தூரத்திலுள்ள லென்ஸியில் 82. ஒரே சுகாதார சேவை. 28 ஆண்டு வித்தியாசம்!

பார்த்தீர்களா, பொதுச் சேவையால் என்ன பயன் என்று உடனே கேட்பார்கள். 2017-ல் முதலிடம் தந்த அதே காமன்வெல்த் அறிக்கையும், நோய்ப் பலன்களில் பிரிட்டனை 10-வது இடத்தில்தான் வைத்தது. அதையும் நாம் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டணத்தை ரத்துச் செய்தால் மட்டும் போதாது. கூலியும் வீடும் வேலையும் சீர்படாமல் ஆயுள் நீளாது என்பதுதான் இதன் பாடம். 2010-க்குப் பின் பிரிட்டிஷ் சர்க்கார் சிக்கனக் கத்தியைத் தூக்கியது. சுகாதாரச் செலவின் வளர்ச்சி நீண்டகாலச் சராசரியைவிட வெகுவாகக் குறைந்தது. விளைவு? இங்கிலாந்தில் ஆயுள் வளர்ச்சி தேங்கியது என்றும், மிக ஏழ்மையான பத்தில் ஒரு பங்குப் பகுதிகளின் பெண்களுக்கு ஆயுள் குறைந்தே போனது என்றும் மைக்கேல் மார்மட் 2020-ல் கணக்குக் காட்டினார். காலை வெட்டியவனே நொண்டி என்று ஏசுவது என்ன நியாயம்?

நேர்மைக்குக் கிடைத்த பரிசு

2020 வசந்தத்தில் கொரோனா சாவுப் பட்டியலில் பெல்ஜியம் உச்சியில் நின்றது. ஏன்? முதியோர் இல்லங்களில் பரிசோதனை நடக்காமலே, கொரோனா என்ற சந்தேகத்தோடு இறந்தவர்களையும் அது எண்ணியது. மற்ற பல நாடுகள் அப்படி எண்ணவில்லை. எண்ணியவனுக்குக் கெட்ட பெயர், எண்ணாதவனுக்கு நல்ல பெயர்! வழக்கத்துக்கு மேல் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பிற்பாடு பார்த்தபோது, பல்கேரியாவின் நிலை பெல்ஜியத்தைவிட மிக மோசம் என்பது வெளியாயிற்று.

இந்த நியாயத்தை நம் பக்கமும் திருப்பத்தான் வேண்டும். சோவியத் நாட்டில் 1970-களின் நடுவில் சிசு மரண விகிதம் ஏறியபோது, அந்தக் கணக்கை வெளியிடுவதையே நிறுத்தினார்கள். அது தவறு. எந்தக் கொடியின் கீழ் மறைத்தாலும் செத்த குழந்தை செத்ததுதான். ஆனால் ‘சந்தை வந்தால் சொர்க்கம்’ என்றவர்களும் பதில் சொல்லட்டும்: ரஷ்யாவில் 1990-ல் சுமார் 64 ஆக இருந்த ஆண்களின் ஆயுள், 1994-ல் 58-க்கும் கீழே சரிந்ததே! அந்தச் சாவுகள் யாருடைய கணக்கில்?

இன்னொரு பற்றும் இந்தப் பேரேடுகளில் வருவதில்லை. ருமேனியா 2007-ல் ஐரோப்பிய யூனியனில் சேர்ந்தபின், அந்த ஏழை நாடு செலவழித்துப் படிக்க வைத்த டாக்டர்கள் ஆயிரக்கணக்கில் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் போனார்கள். நம் நாட்டு நர்சுகள் பிரிட்டிஷ் வார்டுகளில் இரவு பகலாக உழைக்கிறார்கள். மார்க் அங்கே, இழப்பு இங்கே.

ஆகவே, அளக்காதே என்பதல்ல நம் கோரிக்கை. சரியாக அள என்பதே! 75 வயதுக்குள், தக்க வைத்தியமும் தடுப்பும் இருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் எத்தனை? இந்தக் கணக்கு ஐரோப்பாவில் இன்று இருக்கிறது. அதை நாட்டுக்கு ஓர் எண்ணாக நிறுத்தாதே; தொழில்வாரியாக, தெருவாரியாகப் பிரித்துக் காட்டு. காசில்லாமல் டாக்டரிடம் போகாதவர் எத்தனை பேர் என்று வருமானவாரியாகச் சொல். அப்போது எந்த நாடு முதல் என்ற கேள்வி பின்னுக்குப் போகும். எந்த வர்க்கம் முதலில் சாகிறது என்ற கேள்வி முன்னுக்கு வரும்.

அந்தக் கேள்விக்குத்தான் அவர்கள் அஞ்சுகிறார்கள். அதைத்தான் நாம் விடாமல் கேட்க வேண்டும்!