கட்டிப்போட்டு வளர்த்தால் காவல் நாயா?

ராஜபாளையம் குட்டியை வாங்கிக்கொண்டு புறப்படுகிறவருக்கு, விற்றவரில் தொடங்கி அக்கம்பக்கத்தார் வரை எல்லோரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறார்கள்: "பகல்ல கட்டிப் போடுங்க, ராத்திரி அவுத்து விடுங்க. யார்கிட்டயும் பழக விடாதீங்க. அப்பத்தான் மூர்க்கமா இருக்கும்." இருட்டறையில் அடைக்கச் சொல்பவர்களும் உண்டு. சோற்றில் பச்சை மிளகாய் பிசைந்து கொடுக்கச் சொல்பவர்களும் உண்டு. படித்தவர், பண்ணை வீட்டுக்காரர், வெளிநாட்டில் இருந்து திரும்பியவர் என்று யாரும் இந்த நம்பிக்கைக்கு விலக்கில்லை. ஆனால் இது முழுப் பொய். நாயைச் சித்திரவதை செய்து, நம் வீட்டுப் பிள்ளைகளையே கடிபட வைக்கிற பொய்.

வாசலுக்கு வருகிற எல்லோர் மீதும் பாய்வதா காவல்? பால்காரர், சிலிண்டர் போட வருபவர், ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தி, நள்ளிரவில் சுவர் ஏறுகிறவன்: இவர்களைப் பிரித்தறியத் தெரிந்ததுதான் காவல் நாய். மனிதர்களைப் பார்க்காமல் அந்த அறிவு எங்கிருந்து வரும்? ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கவனித்து, 1965இல் தங்கள் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை கண்டதையும் கேட்டதையும் மோந்ததையும்தான் குட்டி தன் உலகமாக ஏற்றுக்கொள்கிறது. அந்த வயதில் மனித வாடையே படாமல் வளர்ந்த குட்டிகள் பிற்பாடு மனிதர்களைக் கண்டாலே மிரண்டன. நம்மவர்கள் குட்டியைக் கொண்டுவந்து கொட்டகையில் கட்டுவது சரியாக அந்த வாரங்களில்தான். வளர்ந்த பிறகு அது யாரைக் கண்டாலும் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாயப் பார்க்கிறது. "பாத்தீங்களா, என்ன வீரம்!" என்று பெருமைப்படுகிறோம். பயந்த நாய்க்கு விலகி ஓட வழி இருந்தால் ஓடிவிடும். சங்கிலி அந்த வழியை அடைத்துவிட்டதால் கடிக்க வருகிறது.

இரவில் அவிழ்த்து விடுவதால் இந்தக் கேடு தீருமா? அவிழ்க்கும் நேரத்தில் வீடே தூங்குகிறது. நாய் ஓடுவது இருட்டில், தனியாக. ஒரு நாள் பகலில் கதவு திறந்து கிடந்தால், அதுவரை தொலைவிலிருந்து பார்த்துக் குமுறிய எதிர்வீட்டுக் குழந்தையை அது முதன்முதலாக நெருங்குகிறது. என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ராஜபாளையம் நாய்க்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதைப் பற்றி அறிவுரைக்காரர்கள் வாயே திறப்பதில்லை. தூய வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் வேண்டும் என்று தேடித் தேடி இனப்பெருக்கம் செய்கிறோம். அந்த வெண்மையோடு சேர்ந்தே செவிட்டுத்தன்மையும் வருகிறது. உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் பட்டுப்போகும். குட்டி தூங்கும்போது, காற்றோ அதிர்வோ அதன் உடலில் படாத தூரத்தில் நின்று கைதட்டிப் பாருங்கள். இரண்டு காதும் கேட்காத குட்டி திரும்பாது. ஒரு காது மட்டும் கேட்கிற குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மருத்துவரிடம் கருவிச் சோதனைதான் வழி. காது கேட்காத நாயைக் கட்டிப்போட்டிருக்கிறோம், பின்னாலிருந்து ஒரு குழந்தை வந்து தொடுகிறது என்றால், திடுக்கிட்டுத் திரும்பும் அந்தக் கடிக்கு நாயையா குற்றம் சொல்வது?

உலகம் மெச்சும் காவல் நாய்களை எப்படி வளர்க்கிறார்கள் என்று பாருங்கள். துருக்கியின் சிவாஸ் மாகாணத்துக் கங்கால் நாய் ஓநாயை எதிர்த்து நிற்கக்கூடியது. தொண்டையைக் காக்க அதன் கழுத்தில் இரும்பு முட்கள் வைத்த பட்டை போடுகிறார்கள். அதற்குச் சங்கிலி போட்டால் அது காக்கும் மந்தை போய்விடும். 1994 முதல் நமீபியாவில் லாரி மார்க்கரின் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் இந்த வகை நாய்களை ஆடுகளைக் காக்கப் பண்ணைக்காரர்களுக்குக் கொடுத்து வருகிறது. அங்கே குட்டிகள் சிறு வயதிலேயே ஆடுகளோடு விடப்பட்டு, ஆடுகளோடு தூங்கி, ஆடுகளோடு நடந்து வளர்கின்றன. எது தன்னுடையது என்று தெரிந்ததால்தான், அதற்கு ஆபத்து வரும்போது நாய் எழுந்து நிற்கிறது.

"எங்க தாத்தா காலத்துல கட்டித்தானே வச்சிருந்தாங்க?" என்பார்கள். தாத்தாவின் நாய் காலையில் அவரோடு தோட்டத்துக்குப் போனது, களத்தில் கிடந்தது, பிள்ளைகளின் காலடியில் தூங்கியது. இடையில் சில மணி நேரம் கட்டியிருக்கலாம். அந்த வாழ்க்கையை மறந்துவிட்டு நாம் சங்கிலியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டோம்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியபோது ஊர் கொதித்தது. எந்தெந்த இனத்துக்குத் தடை போடலாம் என்ற விவாதம்தான் ஓங்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்பே மத்திய அரசு 23 இனங்களைப் பட்டியலிட்டிருந்தது. எப்படி வளர்க்கிறார்கள், யார் கையில் பிடிகயிறு இருக்கிறது என்ற கேள்வி அமுங்கிப்போனது. இத்தனைக்கும் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராமல் இருப்பதையே குற்றம் என்கிறது. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சங்கிலியின் விலைகூட இல்லை. இந்தத் தொகையை உயர்த்தாமல் இனப் பட்டியல் போடுவதில் பயனில்லை.

குட்டி விற்பவர்களின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். சங்கிலி வாங்கச் சொல்வதை அவர்கள் இன்றே நிறுத்த வேண்டும். தடுப்பூசிகள் முடியும் வரை குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தை இரைச்சலையும் பள்ளி விடும் நேரத்தையும் தலைக்கவசம் போட்டவர்களையும் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் நடை. அதுவும் ஓடி வேட்டையாடப் பிறந்த, தனக்குச் சரியென்று பட்டால் மட்டுமே சொல்பேச்சு கேட்கிற நாயோடு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு. வீட்டில் ஒருவர் பேச்சை மட்டும் கேட்டால் போதாது. அவர் வெளியூர் போகும் நாளில் அதைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். இதற்கு நேரமில்லாதவர்களுக்குக் கம்பிக் கதவும் கேமராவும் போதும். அவர்களிடம் குட்டியை விற்காதீர்கள்.