தேயிலை நிழலில் ஓர் ஈப்புலி

மழை விட்ட காலை. தேவிகுளத்துத் தேயிலைச் சரிவில், லயத்தை அடுத்த வேலிச் செடியொன்றின்முன் மண்டியிட்டிருந்த என் தமக்கை மகன், "மாமா, நெழல் விழாம நில்லுங்க" என்று கிசுகிசுத்தபோது, அரிசிமணியளவான ஏதோவொன்று இலைமேல் அசைந்ததை மட்டுமே நான் கண்டேன். காமிராத் திரையில் அவன் அதைப் பெரிதாக்கிக் காட்டிய க்ஷணத்தில், கருமணிபோல் ஒளிரும் இரு பெருங்கண்களும், அவற்றைச் சூழ்ந்த செம்மயிரும், மயில் கழுத்தை ஒத்த நீலமும் கொண்ட ஒரு ஜீவன் என்னையே உற்று நோக்கியது.

வலை பின்னிக் காத்திராமல் பாய்ந்து இரை பிடிப்பதால் நம் முன்னோர் ஈப்புலி என்றழைத்த சிலந்தி இனம் இது. எட்டுக் கண்களில் முன்னிரண்டும் தொலைநோக்கிக் குழாய்களைப் போன்றவை. தலையைத் திருப்பாமலே உள்ளிருக்கும் விழித்திரையை அசைத்துப் பார்க்கவல்லவை. அந்த நீலமோ சாயமன்று. நுண்ணிய செதில்களின் அமைப்பில் ஒளி பட்டுப் பிறக்கும் ஜாலம்.

இத்தகைய சௌந்தரியத்தைப் படத்தில் பிடிப்பது எளிதன்று. சாதாரண லென்ஸைத் தலைகீழாகப் பொருத்தியே அவன் படமெடுக்கிறான். தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாதலால், கண்ணைக் குறிவைத்தால் கால் மங்கிவிடுகிறது. ஆகவே குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக இணைக்கிறான். இச்சிலந்திகளைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து படமெடுப்பாரும் உண்டு. அதை என் மனம் ஒப்பவில்லை. மலைக்குளிரில் அவை இயல்பாகவே மந்தித்திருக்கும் வைகறையில் எழுந்து காத்திருக்கும் இவன் பிரயாசையே எனக்கு உவப்பானது.

1879இல் கார்ஷ் என்னும் ஜெர்மானியர் விவரித்த, நாங்கள் கண்டதைப் போலவே நீலமும் செம்மையும் மின்னும் 'கிரைஸில்லா வாலுபே' என்ற ஈப்புலி 2018இல் வயநாடு சரணாலயத்தில் காணப்பட்டபோது, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அழிந்ததாகக் கருதப்பட்டது மீண்டதென்று பத்திரிகைகள் வியந்தன. அது எங்கும் போய்விடவில்லை, குனிந்து பார்ப்பார்தாம் இல்லை என்றே நான் எண்ணுகிறேன்.

முப்பதாண்டுகளாகக் கொழுந்து கிள்ளிக் கைகள் கறுத்துப்போன என் தமக்கை, மாலையில் அப்படத்தை நெடுநேரம் பார்த்தாள். "தெனமும் எங்கைமேல ஏறி எறங்குறதுதானேடா இது, தட்டிவிட்டுட்டுப் போவேன். இதுக்கா இம்புட்டுப் பெரிய கண்ணு?" என்றாள், பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்த வேலிச் செடியை நோக்கி நடந்தாள்.