மூன்று தோட்டாவும் முப்பது தோட்டாவும்

அமெரிக்காவில் எங்காவது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தால் போதும், மறுநாளே இணையத்தில் ஒரு புகைப்படம் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆரஞ்சுச் சட்டை போட்ட பத்து வயதுப் பெண், கையில் ரைபிள், காலடியில் செத்துக் கிடக்கும் மான், பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் அப்பா. கீழே நாலு வரி: "பாருங்கய்யா, பிள்ளைக்கு இதைத்தான் சொல்லித் தருகிறான். அப்புறம் சுடாமல் என்ன செய்யும்?" படிப்பவர்களும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கோபம் நியாயமானதுதான். அந்த நாட்டில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்குக் காரணமானவற்றில், 2020-ல் துப்பாக்கி சாலை விபத்தையும் முந்திக்கொண்டு முதலிடத்துக்கு வந்தது. ஆனால் கோபம் ஆள் மாறிப் பாய்கிறது.

அந்த அப்பா உண்மையில் என்ன சொல்லித் தருகிறார் என்று யாராவது பார்த்தார்களா? முதல் பாடம், எந்தத் துப்பாக்கியையும் தோட்டா போட்டதாகவே நினைக்க வேண்டும். காலி என்று தெரிந்தாலும், இப்போதுதான் கண் முன்னால் காலி செய்தாலும் சரி. குழலின் வாய் எந்த நேரத்திலும் மனிதர் பக்கம் திரும்பக் கூடாது. சுடுவது என்று முடிவு செய்யும் வரை விரல் விசைக்குள் போகக் கூடாது. கம்பிவேலியைத் தாண்ட வேண்டுமா? முதலில் தோட்டாவை வெளியே எடு. மரத்தில் கட்டிய பரண் மேல் ஏற வேண்டுமா? தோட்டா எடுத்த துப்பாக்கியைக் கீழே கயிற்றில் கட்டி வை, மேலே போய் உட்கார்ந்த பிறகு இழுத்துக்கொள். புதருக்குள் சலசலப்புக் கேட்டது, பழுப்பாக ஏதோ அசைந்தது என்பதற்காகச் சுடாதே, அது இன்னொருவனின் கோட்டாக இருக்கலாம். மேட்டின் உச்சியில் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் மானைச் சுடாதே, குறி தப்பினால் குண்டு எங்கே போய் விழும் என்று உனக்குத் தெரியாது. சுட்டது சரியாகப் படவில்லையா? ரத்தத் தடம் பிடித்துப் போய்த் தேடு, இருட்டினாலும் தேடு, உயிரோடு துடிக்க விட்டுவிட்டு வீட்டுக்கு வராதே.

எண்ணிப் பார்த்தால் இதில் பாதிக்கு மேல் 'சுடாதே' என்ற பாடம்தான். நாள் முழுக்கக் குளிரில் உட்கார்ந்திருந்து, ஒரு மான் வந்தும், கோணம் சரியில்லை என்று விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பும் பிள்ளைக்குச் சபாஷ் சொல்கிற அப்பாக்கள் அங்கே நிறைய. (உயிரைக் கொல்வதே பாவம் என்பவர்களுக்கு இதெல்லாம் சமாதானம் ஆகாது. அது வேறு விவாதம். பிரியாணிக் கடையில் வரிசையில் நின்றுகொண்டு அந்த விவாதத்தைத் தொடங்காமல் இருந்தால் சரி!)

இது அப்பாவின் தனிப்பட்ட நல்ல குணம் மட்டுமல்ல, சட்டமாகவும் இருக்கிறது. வேட்டைக்குப் போகிறவர்களுக்குக் கட்டாயப் பாதுகாப்புப் பயிற்சி முதன்முதலில் 1949-ல் நியூயார்க் மாநிலத்தில் வந்தது. விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் பயிற்சிச் சான்றிதழ் காட்டித்தான் வேட்டை உரிமம் வாங்க முடியும் (கூடவே ஒரு பெரியவர் நின்றால் விலக்கு உண்டு). பணமும் வேட்டைக்காரர்களிடமிருந்தே வருகிறது. 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைபிள், ஷாட்கன், தோட்டா ஆகியவற்றின் மீது 11 சதவீதக் கலால் வரி. தயாரிப்பாளர் கட்டுவார், விலையில் ஏற்றி வாங்குபவர் தலையில் வைப்பார், அது காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகும். 1970-ல் கைத்துப்பாக்கிக்கும் 10 சதவீதம் போட்டு, அதில் ஒரு பங்கை வேட்டைப் பயிற்சிக்கு ஒதுக்க வழி செய்தார்கள். மறைமுக வரிக்கு இதைவிட அழகான உதாரணம் காமர்ஸ் பாடப் புத்தகத்தில் கிடையாது.

இனிமேல்தான் வேடிக்கை. வாத்து முதலான வலசைப் பறவைகளைச் சுடும் ஷாட்கன்னில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 1935-லிருந்து அமெரிக்க மத்திய அரசின் விதி. வாத்தினம் அழிந்துவிடக் கூடாதே என்ற அக்கறை! ஆனால் மனிதன் மீது திருப்பப்படக்கூடிய ரைபிளுக்கு? பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புதிய பெட்டிகளுக்கு 1994-ல் போட்ட தடை 2004-ல் காலாவதியானது. அதற்குப் பிறகு மத்தியச் சட்டத்தில் வரம்பே இல்லை. சில மாநிலங்கள் தாமாகப் போட்டிருக்கின்றன, பல மாநிலங்களில் முப்பது தோட்டாப் பெட்டி சாதாரணமாகக் கிடைக்கும். அதே விஸ்கான்சினில் மானைச் சுட வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த ரைபிளைக் கடையில் வாங்க? 18 வயதும், குற்றப் பின்னணி இல்லை என்ற சரிபார்ப்பும் போதும். ஒரு மணி நேர வகுப்புகூட வேண்டாம். கடைக்குப் போகாமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கினால் அந்தச் சரிபார்ப்பும் இல்லை.

இந்த ஓட்டையை அடைக்க விடாமல் நிற்பவர்கள் யார்? தேசிய ரைபிள் சங்கம். 1949-ல் நியூயார்க்கின் அந்தப் பயிற்சித் திட்டத்தை உருவாக்க உதவியதும் இதே சங்கம்தான் என்பதுதான் கொடுமை. 1977-ல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் கடும்போக்காளர்கள் தலைமையைக் கைப்பற்றினார்கள். அதற்குப் பிறகு சங்கம் அரசியலே மூச்சாகிப் போனது. எந்தக் கட்டுப்பாடு வந்தாலும், "அப்பாவும் பிள்ளையும் வேட்டைக்குப் போகும் பாரம்பரியத்துக்கு ஆபத்து" என்று கூச்சல். பாரம்பரியத்தின் படம் மட்டும் வேண்டும், அதில் உள்ள பாடம் வேண்டாம்.

அதற்காக அப்பா அம்மாக்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. 2017-ல் விஸ்கான்சின், பெரியவர் துணையோடு வேட்டைக்குப் போகக் குறைந்தபட்ச வயதே வேண்டாம் என்று எடுத்துவிட்டது. கைக்குழந்தை பெயரில்கூட உரிமம் வாங்கினார்கள். தொட்டிலில் கிடப்பதற்கு என்ன பாடம் நடத்துவார்களோ! 2012-ல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றவனை, சுடும் பயிற்சிக் களத்துக்கு அழைத்துப் போனவர்களில் அவன் அம்மாவும் ஒருவர். துப்பாக்கிகளும் அவர் சட்டப்படி வாங்கியவை. அன்று முதலில் செத்ததும் அவர்தான்.

மிச்சிகனில் 2021 நவம்பரில் நடந்தது இன்னும் தெளிவு. ஜேம்ஸ் கிரம்ப்ளி 15 வயது மகனோடு கடைக்குப் போய்க் கைத்துப்பாக்கி வாங்கினார். மறுநாள் ஜெனிஃபர் கிரம்ப்ளி மகனைச் சுடும் களத்துக்குக் கூட்டிப் போனார். மூன்று நாள் கழித்து அவன் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்றான். அன்று காலையில்தான் அவன் வரைந்திருந்த படத்தைப் பார்த்துப் பயந்து பள்ளி பெற்றோரைக் கூப்பிட்டிருந்தது. வந்தார்கள், வீட்டுக்கு அழைத்துப் போகாமல் விட்டுவிட்டுப் போனார்கள். 2024-ல் இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை. பள்ளியில் பிள்ளை நடத்திய இத்தகைய கொலைக்குப் பெற்றோர் கொலைக் குற்றவாளிகளாகத் தீர்ப்பானது அதுவே முதல் முறை.

வாங்கிக் கொடுப்பது வேறு, சொல்லிக் கொடுப்பது வேறு. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினான் என்று பையன் கையில் பைக் சாவியைத் தூக்கிக் கொடுக்கும் நம் ஊர் அப்பாவுக்கும் இந்த வித்தியாசம் தெரிவதில்லை. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் அவருக்கும் மூன்று ஆண்டு சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியுமோ!

உண்மையான பாடத்தில் இன்னொன்றும் உண்டு: வேட்டை முடிந்ததும் துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில், இரண்டுக்கும் பூட்டு, சாவி அப்பாவிடம். பிள்ளை இருக்கும் வீட்டில் பூட்டி வை என்று மிச்சிகன் அரசு சட்டம் போட்டு அது நடைமுறைக்கு வந்தது 2024 பிப்ரவரியில். பல மாநிலங்களில் இன்னும் அதுவும் இல்லை.

இந்த விதிகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் அந்தப் புகைப்படத்து அப்பாவிடம்தான் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வேலியோரத்தில் மகளை நிறுத்தி, "தோட்டாவை எடுத்தாயா?" என்று அதட்டத் தெரிந்தவருக்கு, கடையில் வாங்குகிறவனையும் அப்படி ஒரு வார்த்தை கேளுங்கள் என்று தன் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுத ஏன் கை வரவில்லை? சிலர் எழுதுகிறார்கள். மற்றவர்கள் பேசாமல் இருக்கும்வரை, அவர்கள் பெயரில் பேசச் சங்கம் இருக்கிறது. அடுத்த முறையும் மறுநாளே அந்தப் படம் சுற்றும், கீழே அதே நாலு வரியோடு.