விலக்கு வேண்டாம், கணக்கு எடுங்கள்

மெல்பேண்

எங்கள் ஊர்த் தோட்டக்காரருக்கும், சுருட்டுக் கொட்டில்களில் வேலை செய்யும் உறவுகளுக்கும், முன்னேற்றச் சங்கத்தாருக்கும்,

புகையிலைச் செய்கை பற்றி நீங்கள் எழுதிய மனு, செயலாளர் தம்பி மூலம் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. வெளிநாட்டில் இருக்கிற நாங்களும் கையெழுத்து வைக்க வேண்டுமாம். "அண்ணை சுங்கான் பத்துறவர், அவர் கட்டாயம் வைப்பார்" என்று குரல் பதிவும் கூட வந்தது. சுங்கான் பத்துவது உண்மை. கையெழுத்து வைக்கவில்லை. காரணத்தைத் தம்பிக்கு மட்டும் தனியே சொன்னால் ஊருக்குள் அது பல விதமாகத் திரும்பும். அதனால் எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

உங்கள் பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தை நிறுத்தியது. பொது இடத்தில் புகைப்பதைத் தடுத்தது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதைக் குற்றமாக்கியது. 2015இலிருந்து சிகரெட் பெட்டியின் 80 வீதத்தில் நோயின் படம். பிறகு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன காலத்தில், 2020க்குள் புகையிலைச் செய்கையையே நாட்டில் இல்லாமல் செய்வோம் என்றார்கள். 2020 வந்து போனது, தோட்டத்தில் கன்று நின்றது. ஆனாலும் அப்படிச் சொன்ன சொல் ஏதோ ஒரு கோப்புக்குள் உயிரோடு கிடக்கிறது, யாரும் எந்த நேரமும் எடுத்துத் தூசி தட்டலாம். சிகரெட்டுக்கு வரி ஏறுகிற ஒவ்வொரு முறையும் அடுத்தது சுருட்டுத்தான் என்று கொட்டில்களில் பேச்சு வருவதில் ஆச்சரியம் இல்லை.

அந்த "அடுத்தது" எப்படி இருக்கும் என்று நான் இங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவுஸ்திரேலியாவில் 2010 சித்திரையில் புகையிலை வரி ஒரே அடியில் 25 வீதம் ஏறியது. 2013இலிருந்து 2020 வரை ஆண்டுக்கு 12.5 வீதம். 2023இல் மறுபடி தொடங்கி, மூன்று ஆண்டுக்கு ஐந்து ஐந்து வீதம். இன்று நான் வாங்கும் 50 கிராம் சுங்கான் புகையிலையில் வரி மட்டும் 100 டொலரைத் தாண்டிவிட்டது. இலையின் விலை, கடைக்காரரின் இலாபம் எல்லாம் அதற்கு மேலே. 2012 மார்கழியிலிருந்து எந்தப் புகையிலைக்கும் சொந்த உறை கிடையாது. வர்ணமும் சித்திரமுமாக அலுமாரியில் வைத்து அழகு பார்த்த சுங்கான் டப்பாக்கள்கூட இப்போது ஒரே சாணி நிறத்தில் வருகின்றன. பெயர் சின்ன எழுத்தில், மிச்ச இடமெல்லாம் நோய்ப் படம்.

"அப்ப ஊரிலிருந்து அனுப்பி விடுறம்" என்று மச்சான் ஒருவர் சொல்கிறார். தயவு செய்து வேண்டாம். 2019 ஆடியிலிருந்து அனுமதிப்பத்திரம் இல்லாமல் தபாலில் இலை வந்தால் பறிமுதல். விமானத்தில் வருகிறவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது 25 கிராம், அதோடு பிரித்த பெட்டி ஒன்று. அதற்கு மேல் இருந்தால் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும், மறைத்தால் தண்டம். சரி, வீட்டுக்குப் பின்னால் நாலு கன்று நட்டால் என்ன? அதுவும் குற்றம். உரிமம் இல்லாமல் சொந்தத் தேவைக்குக்கூட ஒரு புகையிலைக் கன்று வளர்க்க முடியாது. 2006க்குப் பிறகு இந்த நாட்டில் அந்த உரிமத்தோடு ஒரு தோட்டக்காரரும் இல்லை. மூன்று தலைமுறையாகப் புகையிலை வைத்த வீட்டில் பிறந்தவன் நான். இங்கே முருங்கை வைத்திருக்கிறேன், மிளகாய் வைத்திருக்கிறேன், புகையிலையைத் தொட முடியாது.

இங்கே சுங்கான் பத்துகிறவர்கள் சிலர் மாதத்தில் ஒரு நாள் கூடுவோம். எல்லாம் வயது போனவர்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் வரியில்தான் முடியும். "நாங்கள் எத்தனை பேர்? புகையை உள்ளே இழுப்பதுமில்லை. இளம் பெடியன் ஒருவனும் சுங்கானோடு திரிவதில்லை. எங்களை ஏன் சிகரெட்டோடு சேர்த்து அடிக்கிறார்கள்?" என்பார்கள். ஆட்கள் குறைவு என்பது சரி. உள்ளே இழுக்காவிட்டால் தீங்கில்லை என்பது சரியில்லை. வாய்ப் புற்றுநோயும் தொண்டைப் புற்றுநோயும் நுரையீரல் வழியாகத்தான் வர வேண்டும் என்று இல்லை. தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள், என்னைவிட அவர்களுக்குத் தெரியும். நான் ஏன் இன்னும் விடவில்லை என்று கேட்பீர்கள். லட்டாக்கியா என்று ஒரு கறுத்த இலை இருக்கிறது, பெயர் சிரியாவின் துறைமுகத்தின் பெயர், இப்போது சைப்பிரஸிலிருந்து வருகிறது. விறகுப் புகையில் பதப்படுத்தியது. அந்த டப்பாவைத் திறந்தால் பொச்சுமட்டையும் ஊமலும் போட்டுப் புகை மூட்டிய எங்கள் குடில் மணக்கும். இது ஒரு நியாயம் இல்லை என்று எனக்கே தெரியும்.

இப்போது உங்கள் மனுவுக்கு வருகிறேன். இரண்டாம் பந்தியில், சுருட்டு குடிசைத் தொழில், ஆகவே வரியிலிருந்து விலக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே என் சுங்கான் கூட்டாளிகள் கேட்பதும் இதையேதான்: சிறியவனுக்கு விலக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்காவில் அது உண்மையாகவே நடந்தது. 2009இல் அந்த நாடு கையால் சுற்றும் புகையிலைக்கு இறாத்தலுக்கு 24.78 டொலர் வரி வைத்தது. சுங்கான் புகையிலைக்கு 2.83 டொலர் மட்டும். என்ன நடந்தது? சிகரெட் சுற்ற விற்ற அதே தூள், பையில் பெயரை மாற்றிக்கொண்டு சுங்கான் புகையிலையாகக் கடைக்கு வந்தது. சுங்கான் புகையிலை விற்பனை ஏறு ஏறென்று ஏறியது. நாடு முழுவதும் கிழவர்கள் திடீரென்று சுங்கான் வாங்கியதாலா? விலக்கின் இலாபம் பெயர் மாற்றத் தெரிந்த பெரிய கொம்பனிகளுக்குப் போனது. கெட்ட பெயர் மட்டும் உண்மையாகச் சுங்கான் பத்துகிறவனுக்கு. அதன் பிறகு எந்த நாட்டு நிதியமைச்சு அதிகாரியும் "சுங்கானுக்குச் சலுகை" என்றால் காதைப் பொத்திக்கொள்வார்.

சுருட்டுக்கு விலக்குக் கிடைத்தால் எங்கள் ஊரிலும் அதுதான் நடக்கும். சிகரெட் அளவிலே, சிகரெட் மாதிரியே, மேலே மட்டும் இலையைச் சுற்றி "சுருட்டு" என்று யாராவது இயந்திரத்தில் அடித்துத் தள்ளுவான். கோடா போட்டு, காம்பு நீக்கி, கையால் சுற்றுகிற கொட்டில் அந்த விலைக்கு எப்படி விற்கும்?

மூன்றாம் பந்தியில் பாரம்பரியம். இதை எழுதியவர் வாத்தியார் என்று நடையிலேயே தெரிகிறது. நல்ல நடை, ஆனால் கேட்கிறவர் அசைய மாட்டார். போர்த்துக்கேயர் வந்த பிறகுதான் எங்கள் மண்ணுக்குப் புகையிலை வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அது யாழ்ப்பாணத்தின் பெரிய ஏற்றுமதி, திருவிதாங்கூர்தான் வாங்குகிற இடம். அங்கே அரசரே அதைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தார். இங்கே ஆங்கிலேயரும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏகபோகம் நடத்திப் பார்த்தார்கள். ஆக எங்கள் புகையிலை எந்தக் காலத்திலும் வரிக்காரனுக்குத் தப்பி இருந்ததில்லை. மலையாளச் சந்தை போனபோது சுருட்டு கை கொடுத்தது. தெற்கே சந்திக்குச் சந்தி சுருட்டுக் கடை வைத்து எங்கள் ஆட்கள் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். சந்தை மாறினால் தொழிலும் மாறும் என்பதும் எங்கள் பாரம்பரியத்தில் ஒன்று.

புகையிலையின் அருமையைப் பேசும்போது அதன் மற்றப் பக்கத்தையும் பேச வேண்டும். முடி முறித்து, பக்கக் குருத்து உடைக்கிற நாட்களில் அப்பாவின் கை விரல் இடுக்கெல்லாம் கறுத்த பிசின். தேசிக்காய்த் தோலைப் போட்டுத் தேய்ப்பார், சாம்பலைப் போட்டுத் தேய்ப்பார், போகாது. அந்தக் கையால் குழைத்த சோறு கைக்கும். காலைப் பனியில் நனைந்த இலைக்குள் நின்று வேலை செய்துவிட்டு வந்து தலை சுற்றி வாந்தி எடுப்பார். வெறும் வயிற்றில் போனதால் என்று அம்மா ஏசுவா. ஈர இலையிலிருந்து நிக்கொட்டின் தோலுக்குள் இறங்குவதால் வருகிற நோய் அது என்பதை நான் இங்கே வந்துதான் அறிந்தேன். கமக்காரனின் உடம்பைப் பற்றி உங்கள் மனுவில் ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தால் சுகாதார அமைச்சில் ஒருவராவது நிமிர்ந்து பார்த்திருப்பார்.

இனி, நான் சொல்ல வந்த காரியம். மெல்பேணிலிருந்து வடகிழக்கே மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓடினால் மர்ட்டில்போர்ட் என்று ஒரு சிறு பட்டினம். ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. பக்கத்தில் கிங் பள்ளத்தாக்கு. அவுஸ்திரேலியாவின் கடைசிப் புகையிலைத் தோட்டங்கள் அங்கேதான் இருந்தன; செய்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். 2006இல் பெரிய கொம்பனிகள் இனி உள்ளூர் இலை வாங்குவதில்லை என்று கையை விரித்தன. தோட்டக்காரர்கள் நட்டஈடு பெற்றுக்கொண்டு தொழிலை விட்டார்கள். விட்டவர்களில் சிலர் திராட்சை வைத்தார்கள், சிலர் பியருக்குப் போடும் ஹொப்ஸ், சிலர் கஷ்கொட்டை, சிலர் மாடு. கிங் பள்ளத்தாக்கில் இன்று பெயர் பெற்ற வைன் செய்யும் குடும்பங்கள் சில, ஒரு காலத்தில் புகையிலை வைத்தவை. தெரு ஓரத்தில் இன்னும் உயரமான புகையிலைச் சூளைகள் நிற்கின்றன, தகரம் துருப்பிடித்து, சில வைக்கோல் வைக்கிற கொட்டிலாக. எல்லாரும் மகிழ்ச்சியாக விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கிடைத்த காசு காணாது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் காசு கிடைத்தது.

ஏன் கிடைத்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அவர்களுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் இருந்தது. யார் எத்தனை கிலோ விற்கலாம் என்ற பங்கு எழுத்தில் இருந்தது. வெளியேறும்போது "இவ்வளவு இழக்கிறோம்" என்று தாளை மேசையில் வைக்க முடிந்தது. எங்களிடம் என்ன இருக்கிறது? முதலாளி வந்து சிப்பத்தைப் பார்த்து, முகர்ந்து, விலை பேசி, கையில் காசைத் தருகிறார். துண்டு இல்லை. எத்தனை பரப்பு, எத்தனை குடும்பம், எத்தனை கொட்டில், ஒரு போகத்தில் எவ்வளவு பசளை, எவ்வளவு கூலி, கையில் மிஞ்சுவது எவ்வளவு? ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒரு கொப்பியிலும் இல்லை. நாளைக்கு அரசாங்கம் நிறுத்து என்றால் எங்களுக்கு நட்டஈடு கேட்க வாய் இருக்கும், கணக்கு இராது.

கேட்க உரிமை இருக்கிறதா என்றால், இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சாசனத்தை இலங்கை 2003இலேயே ஏற்று உறுதிப்படுத்தியது. வரியைப் பற்றிப் பேசுகிற 6ஆம் உறுப்புரையை அமைச்சுக்காரர் எல்லாரும் வாய்ப்பாடமாகச் சொல்வார்கள். அதே சாசனத்தில் 17ஆம் உறுப்புரை என்று ஒன்று உண்டு: புகையிலைத் தொழிலாளருக்கும், கமக்காரருக்கும், சிறு விற்பனையாளருக்கும் பொருளாதார ரீதியாகத் தாக்குப்பிடிக்கக்கூடிய மாற்று வழிகளை நாடுகள் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. உங்கள் மனுவில் இருக்க வேண்டிய முதல் பந்தி இது. வரியை வாங்குகிறாயா, வாங்கு. அதில் ஒரு பங்கை இலை வைக்கிறவன் வேறு பயிருக்குப் போக ஒதுக்கு. நல்ல விதை, தண்ணீர்ச் சிக்கன முறை, விலை விழும்போது தாங்குகிற ஏற்பாடு. வெங்காயம் வை என்று சொல்லிவிட்டு அறுவடை மாதத்தில் வெளிநாட்டு வெங்காயத்தைக் கப்பலில் இறக்கினால் யார் புகையிலையை விடுவார்?

அவுஸ்திரேலியா செய்த நல்லதைச் சொன்ன நான், கெட்டதையும் சொல்ல வேண்டும். மனுவோடு கொழும்புக்குப் போகிறவர்கள் இதையும் எடுத்துப் போகலாம். வரியால் புகைப்பது குறைந்தது உண்மை. 1991இல் நூறு பேரில் 24 பேர் தினமும் புகைத்தார்கள், 2022-23இல் எட்டுப் பேர். ஆனால் ஓர் அளவுக்கு மேலே வரி ஏறியதும் கள்ளச் சந்தை வந்து உட்கார்ந்துவிட்டது. சட்டப்படி 40 டொலருக்கு மேல் போகிற பெட்டி, மேசைக்குக் கீழே அதில் பாதிக்கும் குறைவான விலையில். 2023இலிருந்து மெல்பேணிலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட தடவை புகையிலைக் கடைகளுக்கும் அவை சார்ந்த இடங்களுக்கும் தீ வைத்துவிட்டார்கள், கும்பல்களுக்குள் சண்டை. 2019-20இல் 1,630 கோடி டொலர் வந்த புகையிலை வரி, 2024-25இல் 740 கோடிதான் வரும் என்று அரசின் வரவு செலவுத் திட்டமே சொன்னது. பாதிப் பேர் புகைப்பதை விட்டதால் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. எங்கள் கடலிலும் பீடி இலை மூட்டைகள் பிடிபடுவது வழக்கமான செய்தி. ஊர் இலையை நிறுத்தினால் அந்த மூட்டைகள்தான் பெருகும் என்று சொல்லுங்கள். அதற்கு அமைச்சு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

திருத்திய மனுவின் வரைபைத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன். விலக்குக் கேட்கும் பந்தியை எடுத்துவிட்டேன், வாத்தியார் கோவிக்க வேண்டாம். 17ஆம் உறுப்புரை முதலாவதாக வருகிறது. அட்டவணைக்கு இடம் விட்டிருக்கிறேன். அதை நிரப்புவது உங்கள் வேலை. சங்கத்தில் படித்த பெடியன்கள், பெட்டைகள் சும்மா போனைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு ஒழுங்கையைக் கொடுங்கள். காணி சொந்தமா குத்தகையா, பரப்பு எத்தனை, கடந்த போகத்தில் எத்தனை சிப்பம், யாருக்கு என்ன விலைக்கு. கொட்டில்களில் சுற்றுகிறவர்களுக்கும் இலை தெரிகிற பெண்களுக்கும் தனி அட்டவணை. நட்டஈடு என்று வந்தால் முதலில் மறக்கப்படுவது காணி இல்லாதவர்கள்தான். கணக்குச் சொன்னால் வரி வரும் என்று பயந்து குறைத்துச் சொல்ல வேண்டாம், குறைத்த கணக்குக்குக் குறைத்த காசுதான் வரும். கணக்கெடுக்கிற பிள்ளைகளின் போக்குவரத்துச் செலவை இங்கே இருக்கிற நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தை மாதம் கன்று நடத் தொடங்கினால் ஒருவரையும் வீட்டில் பிடிக்க முடியாது. அதற்கு முன் முடித்தால் நல்லது. அட்டவணை நிரம்பி வந்த அன்றே என் கையெழுத்து வரும்.

அன்புடன்,
உங்கள் ஊரவன்