கரைகிற கரியை எரிக்கத்தான் வேண்டுமா?

தேன்கனிக்கோட்டையில் புதிதாகத் தார் போட்ட சாலையில் நடந்துவிட்டு வருகிறான் ஒரு பையன். உள்ளங்கால் முழுதும் தார். அம்மா தண்ணீர் ஊற்றித் தேய்க்கிறாள். போகவில்லை. பாட்டி பார்க்கிறாள். "தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைத்துப் பாரம்மா" என்கிறாள். தார் இளகித் துணியோடு வந்துவிடுகிறது!

தண்ணீருக்கு மசியாதது எண்ணெய்க்கு மசியும். நிலக்கரியும் அப்படித்தான். தண்ணீரில் எத்தனை வருஷம் கிடந்தாலும் அது கல்தான். தகுந்த எண்ணெயில் போட்டுச் சூடேற்றினால் கரையும்.

அந்த எண்ணெய்களில் ஒன்றின் பெயர் டெட்ரலின். அந்துருண்டை செய்யும் நாப்தலீனோடு கொஞ்சம் ஹைட்ரஜன் சேர்த்தால் டெட்ரலின். நாப்தலீன் எங்கே கிடைக்கிறது? நிலக்கரித் தாரில்! பெற்ற பிள்ளையே தாயைக் கரைக்கிறது.

சூடு 400 டிகிரியை நெருங்கும்போது கரியின் கட்டுகள் அறுகின்றன. அறுந்த துண்டுகள் மறுபடி ஒட்டாதபடி டெட்ரலின் தன் ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. கரி கரைந்துவிடும். கல்லும் மண்ணும் கரையாமல் தங்கும், வடிகட்டி எறியலாம். 1930களிலேயே ஜெர்மனியில் பாட், புரோஷ் என்ற இருவரின் முறைப்படி இது நடந்தது.

சரி, தமிழ்நாட்டுக்கு இதனால் என்ன? இங்கே நெய்வேலி இருக்கிறது. 1956இல் கம்பெனி தொடங்கியது. 1961இல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது. 1962இல் மின்சாரம் பிறந்தது. ஓசூர் ஆலைகளுக்கு வரும் மின்சாரத்தில் அதன் பங்கும் உண்டு. அந்தக் கரிக்காகக் கடலூர் மாவட்டத்து உழவர்கள் விளைநிலத்தைக் கொடுத்தார்கள். அவ்வளவு விலை கொடுத்துத் தோண்டியதை அப்படியே அடுப்பில் போடுவது நியாயமா?

முன்பு அங்கே அந்தக் கரியிலிருந்து யூரியா உரம் செய்தார்கள். லெக்கோ என்ற அடுப்புக்கரி வீடுகளுக்கு வந்தது. இரண்டும் நின்றுவிட்டன.

'கரைத்துப் பெட்ரோல் எடுக்கலாமே' என்பார்கள். அது வீண் ஆசை. நெய்வேலிக் கரியில் ஏறக்குறைய பாதி தண்ணீர். முதலில் அதை உலர்த்த வேண்டும். பிறகு ஹைட்ரஜன் வேண்டும், அழுத்தம் தாங்கும் இரும்புக் கலம் வேண்டும். கிணற்று எண்ணெய் மலிவாகக் கிடைக்கும்வரை இது கட்டுபடியாகாது. அந்தப் பெட்ரோலை எரித்தாலும் புகை புகைதான்.

வேறு வழி இருக்கிறது. ஜெர்மனியில் பழுப்புக் கரியைச் சூடான கரைப்பானில் ஊறவைத்து மெழுகு எடுக்கிறார்கள். பூட்ஸ் பாலிஷில்கூட அது சேர்கிறது. சாம்பல் இல்லாத கரிப்பொருளையும் கரைசலிலிருந்து எடுக்க முடியும். மின்சாரத்தைக் காற்றும் வெயிலும் கொடுக்கும். மெழுகை வெயில் கொடுக்குமா?

எல்லாப் பழுப்புக் கரியிலும் மெழுகு ஒரே அளவு இராது. ஆகவே பெரிய தொழிற்சாலை இப்போது வேண்டாம். ஒவ்வொரு சுரங்கத்திலிருந்தும் சில மூட்டைக் கரியை எடுத்து, எவ்வளவு கரைகிறது, என்ன கிடைக்கிறது, என்ன செலவாகிறது என்று பார்த்து, கணக்கை நிலம் கொடுத்த ஊர்களுக்கும் தெரியும்படி தமிழில் வெளியிடட்டும்.