‘கூடியிருந்தது’ எவ்வாறு ‘சிதைக்கும்’ ஆகிறது?

‘நெருப்பு சுடும்’ என்னும் தொடரில் உள்ள ‘-உம்’ எதிர்காலத்தை மட்டும் சுட்டவில்லை. என்றும் மாறாத இயல்பையும் சுட்டுகிறது. இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிய செய்தியன்று. எனினும், ஆய்வு முடிவுகளைத் தமிழில் எழுதும்போது இந்த விகுதி செய்யும் வேலையைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. ‘கைபேசிக் கதிர்வீச்சு டி.என்.ஏ.வைச் சிதைக்கும்’ என்பது இதற்கு எடுத்துக்காட்டு.

இத்தகைய வாக்கியங்களுக்கு ஊற்றாக அமைந்தவற்றுள் ஒன்று, ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் 2000 முதல் 2004 வரை 7 நாடுகளின் 12 குழுக்கள் நடத்திய ‘ரிஃப்ளெக்ஸ்’ திட்டம். அதில் பங்கேற்ற வியன்னா குழு 2005இல் தன் முடிவை வெளியிட்டது. ஆய்வகத்தில் வளர்த்த மனித ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை 1800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு, கிலோகிராமுக்கு 1.2 அல்லது 2 வாட் என்ற உட்கவர் வீதத்தில் உட்படுத்தினர். 16 மணி நேரத்துக்குப் பின் டி.என்.ஏ. இழை முறிவுகள் கூடியிருந்தன. அலையை விட்டுவிட்டுச் செலுத்தியபோது விளைவு மேலும் மிகுந்திருந்தது. செல்வகை, அதிர்வெண், உட்கவர் வீதம், நேரம், செலுத்திய முறை என ஐந்து நிபந்தனைகள் இம்முடிவைத் தாங்கி நிற்கின்றன. ‘சிதைக்கும்’ என்று எழுதிய கணத்தில் ஐந்தும் உதிர்ந்துவிடுகின்றன.

உதிர்வதால் நேரும் இழப்பு சிறிதன்று. நிபந்தனைகள் இருந்தால்தான் ஒரு கூற்றை மீண்டும் சோதிக்க இயலும். ஜெர்மனியில் வேறொரு குழு அதே நிபந்தனைகளில் சோதனையைத் திரும்பச் செய்து, அவ்விளைவைக் காண முடியவில்லை என 2007இல் அறிவித்தது. வியன்னாத் தரவுகளின் நம்பகத்தன்மை பற்றிய சர்ச்சையும் பல ஆண்டுகள் நீடித்தது. ‘சிதைக்கும்’ என்று மட்டும் படித்த மாணவருக்கு, இவ்விவாதம் எதைப் பற்றியது என்பதே விளங்காது.

நுண்ணலையின் ஒற்றை ஃபோட்டானுக்கு வேதிப்பிணைப்பை முறிக்கும் ஆற்றல் இல்லை. எனவே செல்லில் மாற்றம் ஏதும் தெரிந்தால், ‘வெப்பம் ஏறியதா?’ என்பதே முதற்கேள்வி. நூற்புழுக்களில் வெப்பமின்றியே நுண்ணலை விளைவு தோன்றியதாக 2000இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை, மிகச் சிறிய வெப்ப உயர்வே காரணம் எனத் தெரிந்தபின் 2006இல் திரும்பப் பெறப்பட்டது. தம் கூற்றைத் திருத்திக்கொண்டவர்கள் அதை எழுதிய ஆய்வாளர்களே. முதல் கூற்று நிபந்தனைகளோடு எழுதப்பட்டிருந்ததால்தான் திருத்தமும் இயன்றது.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைவரிசை மின்காந்தப் புலங்களை ‘2பி’ பிரிவில் சேர்த்தது. சாத்தியத்தை மறுக்க இயலாது, சான்றோ வரம்புக்குட்பட்டது என்பது அதன் பொருள். வாய்ப்பு மிகுதி எனக் கருதப்படுபவை ‘2ஏ’ பிரிவில் அடங்கும். இரண்டையுமே ‘உண்டாக்கக்கூடும்’ என எழுதினால் படிநிலை மறைந்துபோகிறது. இது தமிழின் குறையன்று. ‘சாத்தியம் உண்டு’, ‘வாய்ப்பு மிகுதி’ எனப் பிரித்துச் சொல்லத் தமிழில் இடமுண்டு. குறை எழுதுவோரின் அவசரத்தில் உள்ளது.

‘எந்தப் பாதிப்பும் இல்லை’ என்போரும் இதே பிழையையே செய்கின்றனர். ஒரு விளைவு மறுசோதனையில் தென்படாமை வேறு, தீங்கின்மை நிறுவப்படுதல் வேறு. கைபேசிக் கோபுரங்களுக்கான வரம்பைப் பன்னாட்டுப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காக இந்திய அரசு 2012இல் குறைத்தது. அது முன்னெச்சரிக்கை கருதிய கொள்கை முடிவு. அதைத் தீங்குக்குச் சான்றாகக் காட்டுவதும் பொருந்தாது. தேவையற்ற அச்சம் என ஒதுக்குவதும் பொருந்தாது.

தமிழில் அறிவியல் எழுதுவோர் கலைச்சொல்லாக்கத்தில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையேனும் வினைமுற்றுகளுக்கும் காட்ட வேண்டும். ‘மைக்ரோவேவ்’ என்பதா, ‘நுண்ணலை’ என்பதா என்னும் விவாதத்தை ஒத்திவைத்தாலும் கேடில்லை. ‘கூடியிருந்தது’ என்பதைச் ‘சிதைக்கும்’ என மாற்றுவதை ஒத்துக்கொள்வதுதான் கேடு.